பூதக்கண்ணாடி முதலாளியம்மா ஆன கதை

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிறவளுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியத் தொடங்கியபோது அவளுக்கு வயது முப்பத்தெட்டு. சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டையைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்டிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா, காலர் கோணியிருக்கிறதா என்று கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். கண் தெரியாதவளுக்கு அங்கே என்ன வேலை? முந்தின வருஷம்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த ஒருத்தியை பண்டல் தூக்க அனுப்பினார்கள். ஒரே மாதத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டு அவளாகவே நின்றுவிட்டாள். நெட்டை புருஷனைப் பறிகொடுத்தவள். ஒரே பெண் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தது. அதனால் வாயைத் திறக்காமல், தையலை விரல் நுனியால் தடவிப் பார்த்தே நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவளோடு அதே மேசையில் எதிரே நின்றவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். நெட்டையைவிட ஐந்து வயது மூத்தவள். நெட்டை தடவுவதை அவள் ஒரு வாரம் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டாம் நாள் நேராக சூப்பர்வைசரிடம் போய் நின்றாள்.

"சார், அந்த மூலை மேசையில எனக்குக் காத்தே வரல. நடுவுல, லைட்டுக்குக் கீழ இருக்கிற மேசையக் குடுங்க."

"ஏம்மா பூதம், மூலையில உன்னைப் பேய் அடிக்குதா?"

"நானே பூதம். எனக்கு எதுக்கு சார் தனியா ஒரு பேய்?"

நாலு பேர் சிரித்தார்கள். அவர் நாலு வார்த்தை திட்டினார். கடைசியில் மேசை கிடைத்தது. டியூப்லைட் வெளிச்சம் நேராக விழுகிற பக்கத்தில் நெட்டையை நிறுத்திவிட்டு, பூதக்கண்ணாடி மறுபக்கம் போய் நின்றுகொண்டாள். அந்தப் பக்கம் முதுகுக்குப் பின்னாலேயே இஸ்திரி மேசை. நாள் முழுக்க ஆவி அடிக்கும். கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு கொப்புளமாகக் கிளம்பியதைப் பார்த்துத்தான் நெட்டைக்கு விஷயம் புரிந்தது.

"அக்கா, இடம் மாத்திக்கலாமா?" என்று கேட்டாள்.

"எனக்கு வெக்கைன்னா பிடிக்கும். போடி, வேலையப் பாரு."

பேச்சு அத்தோடு முடிந்தது. ஏழு வருஷம் அப்படியே நின்றாள்.

பூதக்கண்ணாடி என்ற பேர் அவளுக்கு சும்மா வரவில்லை. ஆண்டவன் அவளுக்கு அப்படி ஒரு கண்ணைக் கொடுத்திருந்தான். பஸ்ஸில் முன்னால் நிற்கிறவரைத் தட்டிக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க காலர் கால் அங்குலம் இறங்கியிருக்கு, தைச்சவன்கிட்ட திருப்பிக் குடுங்க" என்பாள். அவள் வீட்டுக்காரர் ஒரு குடோனில் வாட்ச்மேன். புதுச்சட்டை எடுத்தால் இவள் கண்ணில் படாமல் இரண்டு தடவை துவைத்துவிட்டுத்தான் போடுவார். "இவகிட்ட பாஸாகிற ஒரே பழைய துணி நான்தான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

செக்கிங்கில் ஒரு மேசைக்கு இரண்டு பேர். ஒருத்தி சட்டையின் வெளிப்பக்கம் பார்ப்பாள். கறை, நிறம், பட்டன், காஜா எல்லாம் அவள் பொறுப்பு. சரியாக இருந்தால் தோள்பட்டையில் இரண்டு தட்டுத் தட்டி எதிரே தள்ளுவாள். மற்றவள் அதை உள்பக்கமாகப் புரட்டி தையல் பார்ப்பாள். தட்டி வந்த சட்டையின் வெளிப்பக்கத்தை அவள் மறுபடி பார்க்கக் கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை. பார்த்தால் எதிரே நிற்கிறவளை நம்பவில்லை என்று அர்த்தம். அதற்காக இரண்டு பெண்கள் ஒரு வருஷம் பேசாமல் இருந்ததும் அங்கே நடந்திருக்கிறது. நெட்டை எப்போதும் உள்பக்கம். தையல்தானே, விரலுக்குத் தெரிந்துவிடும்.

பூதக்கண்ணாடியின் வேலைக்கு வினை ஒரு நீலச் சட்டையில் வந்தது. ஒரே தடவையில் அனுப்புகிற பெரிய லாட். மறுநாள் கப்பல் ஏற வேண்டியது. இடது கை மட்டும் வேறு துணி உருளையிலிருந்து வெட்டப்பட்டு, நிறம் ஒரு இழை அளவு வெளுத்திருந்தது. டியூப்லைட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒவ்வொன்றாக ஒட்டி ஒதுக்கினாள். மேசைக்குக் கீழே சட்டைகள் மலை மாதிரி குவிந்தன.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்னம்மா இது? எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே!"

"உங்களுக்குத் தெரியாது சார். போடறவனுக்கு வெயில்ல தெரியும்."

"பேசாம தட்டி அனுப்பு."

"இதத் தட்ட எனக்குக் கை வராது."

அன்றைக்கென்று, சட்டையை வாங்குகிற வெளிக் கம்பெனியின் ஆள் வந்திருந்தார். அவர் காரில் ஏறப் போகிற சமயம். இவள் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று முற்றத்துக்குப் போய், வெயிலில் விரித்துப் பிடித்தாள். "நீங்களே பாருங்க ஐயா." அவர் பார்த்தார். லாட் முழுவதும் கப்பல் ஏறாமல் நின்றது.

ஒரு மாதம் கழித்து, ஆள் குறைப்பு என்று ஒரு காகிதம் வந்தது. ஆள் குறைப்பில் குறைந்தது ஒரே ஒரு ஆள். மத்தியானம் சாப்பாட்டு மணிக்கு முன்னால் இரண்டு செக்யூரிட்டிகள் வந்து, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். டிபன் பாக்ஸை எடுக்க மட்டும் விட்டார்கள். ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அவள் நடந்து போனாள். இருபத்தொரு மேசைகள், நாற்பத்தொரு பெண்கள். ஒரு தலை நிமிரவில்லை. நெட்டையும் கையிலிருந்த காலரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தக் காலரில் பார்க்க ஒன்றுமில்லை. பார்த்தாலும் அவளுக்குத் தெரியாது.

மறுவாரமே அவள் இடத்துக்கு வேறொருத்தியைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவளை உள்ளே விடவில்லை. செய்தி முந்திக்கொண்டு போயிருந்தது. "அந்தப் பூதமா? வேணாம்பா" என்றார்கள். ஐந்து மாதம் ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள். அங்கேதான் அடுத்த கதவு திறந்தது. பத்து மெஷின் வைத்துத் தைக்கிற சின்ன முதலாளி ஒருவர், கால் முறிந்து படுத்துக்கிடந்தார். ஆயிரம் சட்டை திரும்பி வந்துவிட்டதென்று போனில் யாரிடமோ அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார். இவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "என்ன பழுதுன்னு திருப்பி அனுப்பினாங்க?" என்று கேட்டாள். அவர் சொன்னார். "எங்கிட்ட குடுங்க, தேத்தித் தரேன்" என்றாள்.

வீட்டு முன்னறையில் கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவுப் பலகையை இரண்டு ஸ்டூல் மேல் போட்டு மேசையாக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நெட்டை போய்க் கூட உட்கார்ந்தாள். பிழையானதைப் பிரித்து, கறையை எடுத்து, பட்டனை மாற்றி, ஆயிரத்தில் தொள்ளாயிரத்து எழுபது சட்டையை அவள் உயிர்ப்பித்துவிட்டாள். அவர் வாய்வழியாக அடுத்தவர் வந்தார். திரும்பி வந்த சட்டைக்கு ஊரில் குறைச்சலா என்ன? ஒரு வருஷத்தில் டயர் கடைக்கு மேலே ஒரு ஹால். மூன்று வருஷத்தில் மூன்று மாடி, லிஃப்ட், வாசலில் போர்டு. வீட்டுக்காரர் குடோனை விட்டுவிட்டு இவள் வாசலிலேயே வாட்ச்மேனாக உட்கார்ந்தார். "முன்னாடி வீட்டுல மட்டும் சல்யூட் அடிச்சேன். இப்ப சம்பளத்தோட அடிக்கிறேன்" என்றார். செய்தித்தாளில் படம் வந்தது. வியாபாரிகள் சங்கத்தில் மாலை போட்டார்கள். மேடையில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "என்னை வெளிய அனுப்பினவர் நல்லா இருக்கட்டும்." கை தட்டினார்கள். சூப்பர்வைசர் நன்றாகத்தான் இருந்தார். அதற்குள் அவர் மேனேஜர்.

ஒருவரும் தலை நிமிராத அந்த நாளைப் பற்றி அவள் நெட்டையிடம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. பேசியிருந்தால் நெட்டை காலைப் பிடித்து அழுது தீர்த்திருப்பாள். பேசவில்லை. நெட்டையின் நெஞ்சில் அது கல்லாகக் கிடந்தது.

அவள் வெளியே போன ஆறாம் வருஷம் கம்பெனியில் ஒரு பேச்சுக் கிளம்பியது. செக்கிங்கை மூடப் போகிறார்களாம். எல்லாவற்றையும் வெளியே கான்ட்ராக்ட் விடப் போகிறார்களாம். யாருக்கு? பூதக்கண்ணாடிக்கு.

பெண்கள் கொதித்துப்போனார்கள். அவர்களில் வெண்கலம் என்று ஒருத்தி, குரல் அப்படி. "திங்கக்கிழமை ஒருத்தியும் உள்ள போகக் கூடாது. கேட்டுல உக்காருவோம். தொழிலாளர் ஆபீஸ்லேர்ந்து ஆள் வரட்டும். வேலைய விடறோம்னு நாம கையெழுத்துப் போடலன்னா அவங்களால மூட முடியாது" என்றாள். எல்லோரும் சரி என்றார்கள். அப்போது நெட்டையின் பெண் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம். கண்ணோ முன்னைவிட மோசம். அந்த டியூப்லைட் மேசையை விட்டால் அவளுக்குப் பூமியில் வேறு மேசை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கும்பிட்டுவிட்டு நேராக அக்காவிடம் போனாள்.

வாசலில் வீட்டுக்காரர் நோட்டை நீட்டினார். "பேரு எழுதும்மா. எனக்கே அவ விதிவிலக்கு குடுக்கல."

மேலே கண்ணாடி அறை. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அவள் ஒரு சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நம்ம கம்பெனி செக்கிங்க நீ எடுக்கப் போறியாமே?"

"நம்ம கம்பெனியா? எனக்கு அது எப்பவோ அடுத்தவங்க கம்பெனி ஆயிடுச்சுடி."

"நாப்பத்திரண்டு பேர் இருக்கோம்க்கா. எல்லாரும் உன்கூட ஒண்ணா நின்னவங்க."

"நான் வேணாம்னா நாளைக்கே இன்னொருத்தன் வாங்குவான். அவன் வெளியூர்லேர்ந்து ஆள இறக்குவான். நான் எடுத்தா உங்களையாவது உள்ள கூட்டிப்பேன்."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்தான். பழகின கையி, எனக்கும் அதான லாபம்? உனக்கு அந்த ஜன்னல் ஓரத்து மேசை. சூரியனே வந்து வெளிச்சம் அடிப்பான், போதுமா?" என்று சிரித்தாள். பழைய சிரிப்பு. நெட்டைக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுடைய கண் கோளாறைப் பற்றி அக்கா வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் வெண்கலத்தின் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நெட்டை நடந்ததைச் சொன்னாள்.

"எழுத்துல வாங்கிட்டு வந்தியா?" என்று கேட்டாள் வெண்கலம்.

"அக்காகிட்ட போயி எழுத்தா? அவ தட்டி விட்ட சட்டைய நாம என்னைக்காவது திருப்பிப் பாத்திருக்கோமா?"

பார்த்ததே இல்லையே. இருபது வருஷமாக எதிரே நிற்கிறவளின் தட்டை நம்பியே வாழ்ந்த பெண்கள். வெளியே ஒருத்தி பார்த்துவிட்டாள் என்றால் உள்ளே இருப்பவள் பார்க்க வேண்டியதில்லை. வேறு எந்தத் தொழில்காரியாக இருந்தாலும் காகிதம் கேட்டிருப்பாள். இவர்கள் கேட்கவில்லை. "நெட்டை சொன்னா சரிதான்" என்று வெண்கலமே சொன்னாள். திங்கட்கிழமை கேட்டில் யாரும் உட்காரவில்லை. புதன்கிழமை வரிசையில் நின்று, கொடுத்த கணக்குப் பணத்தை வாங்கிக்கொண்டு, நாற்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த வாரம் அக்காவின் மூன்றாம் மாடிக்குப் போனார்கள். லிஃப்டில் ஏறும்போது ஒரே சிரிப்பும் கூத்துமாக இருந்தது. "முதலாளியம்மா காப்பி தருவாளா, கையக் கட்டிட்டு நிக்கச் சொல்லுவாளா?" என்றாள் ஒருத்தி. கதவு திறந்தது. நடுவில் ஒரே ஒரு மேசை போட்டிருந்தது. மேசையில் இருபது சட்டை. பக்கத்தில் கடிகாரம். எதிரே நாற்காலியில் அக்கா.

"ஒவ்வொருத்தியா வாங்க. இருபதையும் உள்ளேயும் வெளியேயும் பாக்கணும். எதுல என்ன பழுதுன்னு எனக்குத் தெரியும். பத்து நிமிஷம்."

"பரிட்சையா?" என்றாள் வெண்கலம். "எங்களுக்கா?"

"ஒரு பழுது தப்பிச்சாலும் கம்பெனிக்காரன் என் தலையில கட்டுறான். அப்படித்தான் ஒப்பந்தம். நான் என்ன பண்ணட்டும்?"

வெண்கலத்துக்கு ஐம்பது தாண்டியிருந்தது. ஏழு நிமிஷத்துக்கெல்லாம் மூச்சு வாங்கியது. பதினாலு சட்டையோடு நின்றுவிட்டாள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஒவ்வொருத்தியாகத் தேறாமல் இந்தப் பக்கம் வந்து சுவரோரமாக நின்றார்கள். கடைசியாக நெட்டையின் முறை வந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். அங்கே மேசை போட்டிருந்தது உண்மைதான். இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண் அதில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தது. நடு ஹாலில் வெளிச்சம் மந்தம். நெட்டை விரலால் தடவத் தொடங்கினாள். தையல் பழுது ஏழு. ஏழையும் விரல் பிடித்தது. கறையை விரல் எப்படிப் பிடிக்கும்? நாலு கறைச் சட்டையை அவள் நல்ல சட்டையோடு சேர்த்து வைத்தாள். தோளில் இரண்டு தட்டுத் தட்டித்தான் வைத்தாள்.

அக்கா அந்த நாலையும் எடுத்துத் தனியே போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கீழ நூல் வெட்டுற வேலை இருக்கு. உனக்குக் குடுக்கறேன். நீ மட்டும் இரு" என்றாள்.

"மத்தவங்க?"

"பத்தொன்பது பேரை எடுத்திருக்கேன்ல?"

"எல்லாரையும்னு சொன்னியேக்கா. நான் போயி சொல்லிட்டேனே. என் பேச்சக் கேட்டுத்தானே கையெழுத்துப் போட்டாங்க."

"நான் சொன்னப்ப அவன் ஒப்பந்தம் காட்டல. காட்டினப்புறம் இதுதான் முடியும். உன்ன யாரு ஊருக்கெல்லாம் போயி வாக்குக் குடுக்கச் சொன்னா?"

நெட்டை திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் நின்ற இருபத்திரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூல் வெட்டப் பெரிய கண் தேவையில்லை. அந்த வேலை அவளுக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது அவளுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். ஆனால் அந்த முகங்களைத் தாண்டிப் படியிறங்கி நூல் வெட்ட உட்கார அவளால் முடியவில்லை. "வேணாங்க்கா" என்று சொல்லிவிட்டு அவர்களோடு போய்ச் சேர்ந்து நின்றாள். நின்றதும் அவர்கள் ஒரு அடி நகர்ந்துகொண்டார்கள்.

அக்கா பழிவாங்கிவிட்டாள் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். நெட்டைக்கு அப்படித் தோன்றவில்லை. பழிவாங்குகிறவள் முகத்தில் ஒரு சந்தோஷமாவது தெரியும். அக்கா முகத்தில் சட்டை பார்க்கும்போது இருக்கிற முகம்தான் இருந்தது. பழுது இருக்கிறதா, ஒதுக்கு. அவ்வளவுதான். அந்தப் பார்வை சட்டையோடு நின்றவரைக்கும் எல்லோருக்கும் நல்லதாக இருந்தது.

நெட்டை ஒரு விடுதியில் பாத்திரம் கழுவப் போனாள். கழுவினது சுத்தமாயிற்றா என்று விரல் சொல்லிவிடும். பெண் படிப்பை நிறுத்தவில்லை. அது ஆண்டவன் கருணை. ஆனால் தெருவில் நடக்கத்தான் முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் வெண்கலம் நின்றுகொண்டே வருவாள். "எழுத்துல வாங்கினியான்னு கேட்டேன்" என்று ஒரு நாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். கும்பிடப் போன இடத்திலும் பழைய மேசைக்காரி ஒருத்தி எழுந்து போய் வேறு வரிசையில் உட்கார்ந்தாள். நெட்டை யாரையும் குறை சொல்லவில்லை. எழுந்து போனவளுக்காகவும் சேர்த்துத்தான் கும்பிட்டாள். அக்காவுக்காகவும் கும்பிட்டாள், அது மட்டும் சில நாள் வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

இரண்டு வருஷம் கழித்து, பெண்ணுக்குத் தூரத்து ஊரில் நர்ஸ் வேலை கிடைத்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பியது. சின்ன வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஒரு கார் வந்து நின்றது. அக்கா இறங்கி வந்தாள். தலை நன்றாக வெளுத்திருந்தது. வீட்டுக்காரர் முன் சீட்டிலேயே உட்கார்ந்து நெட்டையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

"போறேன்னு எங்கிட்ட சொல்லவே இல்லையேடி" என்றாள் அக்கா.

இரண்டு வருஷமாக ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் நெட்டை காத்திருந்தாள். தப்பு நடந்துபோச்சு என்று சொல்ல வேண்டாம். அன்னைக்கு எல்லாரையும் எடுப்பேன்னு நான் சொன்னது நிஜம்தான் என்று சொன்னால் போதும். அதை வெண்கலத்திடம் போய்ச் சொல்லிவிட்டு நிம்மதியாக வேனில் ஏறலாம்.

அக்காவின் கண் கொடியில் தொங்கிய பெண்ணின் வெள்ளை யூனிஃபார்ம் மேல் போயிற்று. எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "இடுப்புப் பட்டி கோணியிருக்கு. யார் தைச்சது? ஊசி எடு." கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்து ஊசி தேடி எடுத்துக் கொடுத்தாள் பெண். அக்கா வாசல்படியில் உட்கார்ந்து, தையலைப் பிரித்து, கால் மணி நேரம் நேராகத் தைத்து, பல்லால் நூலைக் கடித்தாள். நெட்டை பக்கத்திலேயே நின்றாள். வேன்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

"இப்ப சரியா இருக்கு. போட்டுக்கம்மா. நல்லா இரு" என்று பெண்ணின் தலையில் கையை வைத்தாள். பிறகு போய்க் காரில் ஏறினாள். கண்ணாடியை இறக்கினாள். இப்போது சொல்லப்போகிறாள் என்று நெட்டை கிட்டத்தில் போய்க் குனிந்தாள்.

"நாலாவது மாடி எடுத்திருக்கேன். ஆள் பத்தல. தங்க இடம் குடுக்கறேன், சாப்பாடு குடுக்கறேன். போற ஊர்ல நல்ல பொண்ணுங்களாப் பாத்து அனுப்புடி. நீ சொன்னா வருவாங்க."